சென்னையிலிருந்து டல்லாஸ் எத்தனை கிலோமீட்டர்? வான்வழித் தூரத்தை நீங்களே கணக்குப் போடும் வழி

"டல்லாஸ் எவ்வளவு தூரம் சார்?" என்று கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். பதில் தெரியாமல் இல்லை. பதில் மூன்று இருக்கிறது. பூமிப் பரப்பின் மேல் இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள மிகக் குறைந்த தூரம் ஒன்று. நீங்கள் ஏறி இறங்கி மாறும் விமானங்கள் உண்மையில் பறக்கும் தூரம் இன்னொன்று. டிக்கெட் கட்டணத்துக்காகக் கூட்டிப் பார்க்கும் மைல் மூன்றாவது. மூன்றும் ஒன்றாக இருக்காது. இணையத்தில் தேடினால் வரும் எண் பெரும்பாலும் முதல் வகை. அதை வைத்துக்கொண்டு "பதினாறு மணி நேரத்தில் போய்விடலாமா?" என்று கேட்டால் கணக்கு உதைக்கும்.

எழும்பூரில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போடும் வேலை பார்த்தவன் நான். சிவப்புக் கார்பன் டிக்கெட்டைக் கையால் எழுதிய காலத்தில் சேர்ந்தேன். 2008 ஜூனோடு காகித டிக்கெட் போய் எல்லாம் இ-டிக்கெட் ஆன பிறகும் அதே நாற்காலியில்தான் இருந்தேன். இப்போது ஓய்வு. வீடு பல்லாவரத்தில், விமானச் சத்தத்துக்கு நடுவில். மகன், மகள் வெளிநாட்டில் இருக்கும் அக்கம்பக்கத்துக்காரர்கள் இன்னும் இதே கேள்வியோடு வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கு ஞாபகம் இருந்தால் போதும். அதுவும் இல்லையென்றால் நூல் போதும்.

நூலும் உருண்டையும்

முதலில் சுவரில் மாட்டியிருக்கும் உலகப் படத்தை மறந்துவிடுங்கள். உருண்டையைத் தட்டையாக்கும்போது வட துருவம் ஒரு புள்ளியாக இல்லாமல் படத்தின் மேல் விளிம்பு முழுக்க இழுபட்டுவிடுகிறது. அந்தப் படத்தில் சென்னையையும் டல்லாஸையும் ஸ்கேல் வைத்து இணைத்தால் கோடு ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் வழியாகப் போகும். உண்மையான குறுக்குவழி அந்தப் பக்கமே போகாது.

ஒரு குளோப் வாங்குங்கள். என்னிடம் இருப்பது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் கடையில் எடுத்தது. அதில் சோவியத் யூனியன் இன்னும் ஒரே நாடு. தூரம் அளக்க அது ஒரு குறையே இல்லை. ஊர்கள் இடம் மாறவில்லை. உருண்டை கொஞ்சம் பெரிதாக இருப்பது நல்லது. பிள்ளைகள் பென்சில் சீவும் குளோப் வேண்டாம்.

பூக்கட்டும் நூல் ஒரு முழம் எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர், எலாஸ்டிக் கூடாது, இழுபடும். நூலின் ஒரு முனையைச் சென்னை மேல் கட்டைவிரலால் அழுத்துங்கள். மறு பக்கத்தை நீங்கள் போக வேண்டிய ஊருக்குக் கொண்டுபோய் இறுக்கிப் பிடியுங்கள். இறுக்கும்போது நூல் தானாகவே நழுவி ஒரு வழியில் போய் நிற்கும். அதுதான் குறுக்குவழி, நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அந்த ஊர் வரும் இடத்தில் நூலில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள்.

இனி ஸ்கேல் தேடாதீர்கள். குளோபிலேயே அளவுகோல் இருக்கிறது. நூலை எடுத்து நிலநடுக்கோட்டின் மேல் வையுங்கள். அங்கே தீர்க்கரேகைகள் 15 டிகிரிக்கு ஒன்றாகவோ 10 டிகிரிக்கு ஒன்றாகவோ வெட்டிக்கொண்டு போகும். உங்கள் நூல் எத்தனை டிகிரி நீளம் என்று எண்ணி, அதை 111-ஆல் பெருக்குங்கள். கிலோமீட்டர் வந்துவிடும். லண்டனுக்கு நூல் 74 டிகிரி போல வரும். 74 × 111 = 8,214. சரியான விடை 8,230-ஐ ஒட்டியது. பூக்கட்டும் நூலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த 111 எங்கிருந்து வந்தது என்றால், பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். அதை 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 111 சொச்சம். இதில் நம் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. ஒரு டிகிரி எவ்வளவு நீளம் என்று கண்டுபிடிப்பதற்காக வில்லியம் லாம்ப்டன் 1802 ஏப்ரலில் எஃகுச் சங்கிலி போட்டு அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் கோடு) அளக்கத் தொடங்கியது பரங்கிமலைப் பக்கம்தான். ஏழரை மைல் நீளம். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் சர்வேக்கு அதுதான் ஆரம்பம். இன்றைக்கு அதே மலைக்குப் பக்கத்தில் விமானங்கள் இறங்குகின்றன. மேலே ஏறினால் லாம்ப்டனுக்குச் சிலையும் இருக்கிறது. ஏர்போர்ட்டுக்கு யாரையாவது வழியனுப்பப் போனால், நேரம் இருந்தால் பார்த்துவிட்டு வாருங்கள்.

கால்குலேட்டர் வழி

துல்லியம் வேண்டுமென்றால் இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தேவை. போன் வரைபடத்தில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலில் வருவது அட்சம், இரண்டாவது தீர்க்கம். இதை மாற்றிப் போட்டால் சென்னை ஆர்க்டிக் பனிக்குள் போய் உட்கார்ந்துவிடும். புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் போதும். அதிலேயே பிழை ஒரு கிலோமீட்டருக்குள்தான். ஊரின் நடுவை எடுக்காதீர்கள். விமானம் அண்ணா சாலையில் இறங்குவதில்லை.

சென்னை விமான நிலையம்: அட்சம் 12.99, தீர்க்கம் 80.17. லண்டன் ஹீத்ரோ: அட்சம் 51.47, தீர்க்கம் மைனஸ் 0.45. கிழக்கு பிளஸ், மேற்கு மைனஸ். வடக்கு பிளஸ், தெற்கு மைனஸ். சிட்னி போகிறவர்கள் அட்சத்துக்கு மைனஸ் போட மறக்கக் கூடாது. பழைய அட்லஸில் டிகிரி, நிமிடம் என்று இருந்தால் நிமிடத்தை 60-ஆல் வகுத்து டிகிரியோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சூத்திரம் இதுதான்:

காஸ் (கோணம்) = சைன் (அட்சம் 1) × சைன் (அட்சம் 2) + காஸ் (அட்சம் 1) × காஸ் (அட்சம் 2) × காஸ் (தீர்க்க வித்தியாசம்)

போனைப் படுக்கவைத்தால் கால்குலேட்டரில் சைன், காஸ் பொத்தான்கள் வரும். டிகிரியில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தப்பான விடையோடு வருகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

லண்டனுக்குப் போட்டுப் பார்ப்போம். தீர்க்க வித்தியாசம் 80.17 − (−0.45), அதாவது 80.62. சைன் 12.99 என்பது 0.2248. சைன் 51.47 என்பது 0.7823. பெருக்கினால் 0.1759. அப்புறம் காஸ் 12.99 என்பது 0.9744, காஸ் 51.47 என்பது 0.6229, காஸ் 80.62 என்பது 0.1630. மூன்றையும் பெருக்கினால் 0.0989. இரண்டையும் கூட்டினால் 0.2748. இதற்கு இன்வர்ஸ் காஸ் (cos⁻¹ பொத்தான்) தட்டினால் 74.05 டிகிரி. 111.2-ஆல் பெருக்குங்கள்: 8,234 கிலோமீட்டர்.

கூட்டுத்தொகை மைனஸில் வந்தால் பதறாதீர்கள். கோணம் 90 டிகிரிக்கு மேல் என்று அர்த்தம், அவ்வளவுதான். அமெரிக்கப் பெருநகரங்கள் எல்லாவற்றுக்கும் சென்னையிலிருந்து அப்படித்தான் வரும். சான் பிரான்சிஸ்கோவுக்குத் தீர்க்க வித்தியாசம் 202 சொச்சம் என்று வரும்போதும் குழம்ப வேண்டாம். 360-இல் கழித்து 157 என்று வைத்துக்கொள்ளலாம், அப்படியே போட்டாலும் காஸ் மதிப்பு ஒன்றுதான். அங்கே விடை 13,900-ஐ ஒட்டி வரும்.

பூமி சுத்தமான உருண்டை இல்லையே என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. நாம் பெருக்கும் 111.2 சராசரியான 6,371-ஐ வைத்து வந்தது. அதனால் விடை அரை சதவீதம் வரை கூடலாம், குறையலாம். எட்டாயிரம் கிலோமீட்டரில் நாற்பது. அதுவும் போகக் கூடாதென்றால் தேதேயுஸ் வின்சென்டி 1975-இல் வெளியிட்ட முறை இருக்கிறது. கம்ப்யூட்டர்தான் அதைப் போட வேண்டும். விமானம் ஓடுபாதைக்காக ஒரு சுற்று காத்திருந்தாலே அந்த நாற்பது காணாமல் போய்விடும், ஆகவே நான் அலட்டிக்கொள்வதில்லை.

டல்லாஸுக்கு மட்டும் ஒரு சுருக்குவழி

எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு டல்லாஸில் யாராவது இருக்கிறார்கள். அவர்களுக்குச் சூத்திரமே வேண்டாம். சென்னையின் தீர்க்கம் 80.17 கிழக்கு. உருண்டையில் அதற்கு நேர் எதிர்ப்புறக் கோடு 99.83 மேற்கு. டல்லாஸ் விமான நிலையம் 97.04 மேற்கில் இருக்கிறது. ஏறக்குறைய நமக்கு நேர் பின்பக்கம். அப்படியானால் குறுக்குவழி வட துருவத்தைத் தொட்டாற்போல்தான் போக வேண்டும். சென்னையிலிருந்து துருவத்துக்கு 90 − 12.99, அதாவது 77.01 டிகிரி. துருவத்திலிருந்து டல்லாஸுக்கு 90 − 32.90, அதாவது 57.10. கூட்டினால் 134.11. சூத்திரம் தரும் விடை 134.03. கிலோமீட்டரில் 14,900.

நூலை வைத்துப் பார்த்தால் நம்பவே முடியாது. சென்னையிலிருந்து கிளம்பும் கோடு நேர் வடக்கே உத்தரப் பிரதேசம், இமயமலை, கஜகஸ்தான், சைபீரியா என்று ஏறி, துருவத்துக்கு 350 கிலோமீட்டர் பக்கத்தில் தாண்டி, கனடா வழியாக இறங்குகிறது. அமெரிக்கா மேற்கே இருக்கிறது என்று படித்தவர்களுக்கு அது வடக்கே இருக்கிறது என்பதை ஏற்க மனசு வராது. பக்கத்து வீட்டு மாமி குளோபைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்போ எல்லாரும் ஏன் துபாய் போய்ப் போறா?" என்று கேட்டார்.

விமானம் ஏன் நூல் வழியே போவதில்லை

மாமி கேட்டதற்கு முதல் பதில்: சென்னையிலிருந்து டல்லாஸுக்கு நேரடி விமானம் இல்லை. தூரம் அதற்குக் காரணம் இல்லை. சிங்கப்பூர்–நியூயார்க் விமானம் 15,300 கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் பறக்கிறது. அதற்கு ஏற்ற விமானமும், தினமும் அதை நிரப்ப ஆட்களும் வேண்டும். ஆகவே நாம் எங்காவது மாறித்தான் போக வேண்டும். மாறினால் இரண்டு துண்டுக்கும் தனித்தனியாகச் சூத்திரம் போட்டுக் கூட்டுங்கள்.

தோஹா வழி: 3,290 + 12,740, மொத்தம் 16,030. லண்டன் வழி: 8,230 + 7,630, மொத்தம் 15,860. பார்த்தீர்களா? வளைகுடாதான் பக்கம் என்று எல்லோரும் நினைக்கிறோம், லண்டனைச் சுற்றிப் போவது சற்றுக் குறைவு. துபாய் வழியும் கிட்டத்தட்ட லண்டன் கணக்குதான். வித்தியாசம் பெரிதில்லை, ஆனால் "சுற்றி இழுத்துக்கொண்டு போகிறான்" என்று ஏஜெண்டைத் திட்டுவதற்கு முன்பு இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்ப்பது நியாயம்.

ஒரே துண்டுக்குள்ளும் விமானம் நூல் வழியே போகாது. லண்டன் நூல் குஜராத், பாகிஸ்தான், ஈரான், காக்கசஸ், உக்ரைன், போலந்து என்று போகிறது. உக்ரைன் வானம் 2022 பிப்ரவரியிலிருந்து பயணிகள் விமானங்களுக்கு இல்லை. அதையொட்டிப் பெரும்பாலான ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களுக்கு ரஷ்யாவின் வானமும் இல்லாமல் போனது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய நிறுவனங்களுக்கு மூடியது. ஆக, எந்த நிறுவனத்தின் விமானம் என்பதைப் பொறுத்தே தூரம் மாறும். திபெத் பீடபூமியையும் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுத்தான் போவார்கள். கேபினில் காற்றழுத்தம் போனால் விமானம் சட்டென்று பத்தாயிரம் அடிக்கு இறங்க வேண்டும்; அங்கே தரையே அதற்கு மேல் இருக்கிறது.

உள்ளூர்க் காரணமும் உண்டு. சென்னையின் முதன்மை ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு-வடகிழக்கும் மேற்கு-தென்மேற்குமாகக் கிடக்கிறது. எதிர்க்காற்றில்தான் ஏற வேண்டும் என்பதால் தென்மேற்குக் காற்றடிக்கும் மாதங்களில் விமானங்கள் தாம்பரம் பக்கமாக ஏறுகின்றன. சிங்கப்பூர் போகிறவரும் முதலில் மேற்கே போய்ப் பிறகுதான் வங்காள விரிகுடா பக்கம் திரும்புவார்.

இதற்கெல்லாம் சேர்த்து எவ்வளவு கூட்டுவது? சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தன் கார்பன் கணக்குக்காக ஒரு திருத்தம் வைத்திருக்கிறது. 550 கிலோமீட்டருக்குள் என்றால் 50 கூட்டு. 5,500 வரை 100. அதற்கு மேல் 125. போர் மூடிய வானத்துக்கு இது போதாது. ஆனால் சாதாரண நாளுக்கு மோசமில்லை. உண்மையில் பறந்த தூரமே வேண்டுமென்றால் விமானத் தடம் காட்டும் செயலியில் நேற்றைய விமானத்தைப் பாருங்கள்.

மைல் என்றால் எந்த மைல்

விமானிகள் கணக்கில் வரும் மைல் கடல் மைல்: 1.852 கிலோமீட்டர். டிக்கெட் கணக்கில் வருவது தரை மைல்: 1.609. கடல் மைலுக்கு 111 கூட வேண்டாம். கோணத்தை 60-ஆல் பெருக்கினால் போதும், ஏனென்றால் ஒரு டிகிரியில் அறுபது நிமிடம், ஒரு நிமிடத்துக்கு ஒரு கடல் மைல். லண்டன் 74.05 × 60 = 4,443.

டிக்கெட் மைல் எங்கள் தொழில் சமாச்சாரம். ஒவ்வொரு துண்டுக்கும் டி.பி.எம். என்று ஒரு மைல் எண் உண்டு. கிளம்பும் ஊருக்கும் போய்ச் சேரும் ஊருக்கும் எம்.பி.எம். என்று ஒரு உச்சவரம்பு உண்டு. இது பொதுவாக நேர்வழியைவிட 20 சதவீதம் கூடுதலாக இருக்கும். மாறி மாறிப் போகும் துண்டுகளைக் கூட்டினால் உச்சவரம்புக்குள் இருந்தால் அதே கட்டணம். தாண்டினால் 5, 10, 15, 20, 25 சதவீதம் என்று சர்சார்ஜ். அதற்கும் மேல் போனால் கட்டணத்தையே துண்டு துண்டாக உடைத்துப் போட வேண்டும். போகிற வழியில் தங்கையைப் பார்க்கச் சிங்கப்பூரில் இறங்கி, அப்படியே ஜப்பான் பார்த்துவிட்டு அமெரிக்கா போகிறேன் என்று வருபவருக்கு இந்தக் கூட்டலைக் கால்குலேட்டரில் தட்டிக் காட்டுவதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. இப்போது கம்ப்யூட்டர் கண்மூடித் திறப்பதற்குள் போட்டுவிடுகிறது. பல கட்டணங்களில் எந்த ஊர் வழியாகப் போக வேண்டும் என்றே எழுதிவிடுகிறார்கள்.

விடை சரியா என்று பார்க்க

20,000-க்கு மேல் வந்தால் தப்பு. பூமியில் எந்த இரண்டு ஊருக்கும் அதற்கு மேல் தூரம் கிடையாது. மாறிப் போகும் கூட்டுத்தொகை நேர்வழியைவிடக் குறைவாக வந்தாலும் தப்பு. அப்புறம் சில எண்களை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: டெல்லி 1,760, சிட்னி 9,130. சிங்கப்பூரும் துபாயும் நமக்கு ஏறக்குறைய சம தூரம், இரண்டும் 2,930-ஐ ஒட்டி. சென்னை நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

நேரமாக மாற்ற, கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். மேற்கே போகும் நீண்ட பயணத்துக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள், உயரத்தில் அடிக்கும் மேற்குக் காற்று எதிர்க்கும். திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிடும். கிளம்பும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் கழித்து நேரம் கண்டுபிடிக்காதீர்கள். இரண்டும் அந்தந்த ஊர்க் கடிகாரம்.

மாமிக்கு இப்படிப் போட்டுக் கொடுத்தேன். தோஹா வழி என்றால் நாலரை மணி, பிறகு பதினைந்தரையிலிருந்து பதினாறு. லண்டன் வழி என்றால் பத்தே கால், பிறகு ஒன்பதரையிலிருந்து பத்து. தூரம் ஒன்றுபோலத்தான், உட்காரும் கணக்குதான் வேறு. முட்டி வலிக்காரருக்கு ஒரே சீட்டில் பதினாறு மணி நேரம் வேண்டாம், பாதியாகப் பிரியும் லண்டன் வழி நல்லது என்றேன். அதற்கு டிரான்ஸிட் விசா விதியை முதலில் பார்த்துக்கொள்ளச் சொன்னேன், இரண்டு துண்டும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். மாமி கேட்டுக்கொண்டு, எந்த வழியில் சைவச் சாப்பாடு ஒழுங்காக வரும் என்று விசாரிக்க ஆரம்பித்தார். அதற்குச் சூத்திரம் கிடையாது. டிக்கெட் போடும்போதே எழுதிவைக்கச் சொல்லுங்கள்.